கண்ணாடியில் வந்து ஒட்டியது

தைப்பொங்கல் கழிந்த வாரம் ஜீவராணி ஆய்வுகூடத்தைத் தேடிக்கொண்டு அப்புத்தளைக்கு வந்தாள். ரயில் பாதைக்கு மேலே, எப்போதோ மூடிவிட்ட தேயிலைத் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் ஆய்வுகூடம் இருந்தது. பனிமூட்டத்தில் பெயர்ப்பலகை தெரியாமல் தாண்டிப் போய், திரும்பி வந்து, காவல்காரரிடம் விசாரித்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்த துஷாந்தினிக்கு முதலில் ஆளை அடையாளம் தெரியவில்லை.

"மிஸ், நான் ஜீவராணி. நிஷாந்தோட சம்சாரம். எங்க தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்து ரத்தம் எடுத்தீங்களே, எலிக்காய்ச்சல் வந்து பொழச்சவங்ககிட்ட."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "என் ரத்தத்துல என்னா மிஸ் இருக்கப் போவுது, பாதி தேத்தண்ணிதான்" என்று சொன்ன ஆள். பக்கத்தில் நின்று அவன் தோளில் அடித்துச் சிரித்தவள்தான் இவள். இப்போது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு மட்டும் அழியாமல் இருந்தது.

ஹல்துமுல்லைக்கு மேலே அவர்கள் இருந்த தோட்டத்தில் ஐப்பசி மழைக்கு மண் சரிந்ததையும், கீழ்ப்பிரிவில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் ஒன்று அப்படியே மண்ணுக்குள் போனதையும் துஷாந்தினி செய்தியில் பார்த்திருந்தாள். செத்தவர்களின் பெயர்களில் நிஷாந்த் என்று ஒன்று இருந்தது. அந்தப் பெயர் எங்கும் இருக்கிற பெயர் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"நான் காலையில பெரட்டுக்கு, வேலைக்குப் பேரு குடுக்கப் போயிட்டேன் மிஸ். அவரு பெக்டரியில ராவு வேல முடிச்சுட்டு வந்து படுத்திருந்தாரு. எல்லாரோட உடம்பும் கெடச்சிருச்சு. அவரு மட்டும் இல்ல. ஆமிக்காரங்க எந்திரத்த வச்சுத் தோண்டிப் பாத்துட்டு, இனி ஏலாதுன்னு போயிட்டாங்க."

துஷாந்தினி அவளை உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை.

"அந்த ரத்தம் இன்னும் ஒங்ககிட்ட இருக்குங்களா? ஒரு சொட்டு இருந்தாக்கூடக் குடுங்க. எரிக்கிறதுக்கு ஒண்ணுமே கெடைக்கல. புல்லுல பொம்ம செஞ்சு எரிச்சு முடிச்சிரலாம்னு எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சொல்றாரு. எனக்கு மனசு வரல."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரத்தம் உண்மையிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஆனால் அந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைக் கலங்கள், அதாவது வெள்ளை அணுக்கள், இருந்தன. ஒரு வைரஸைக் கொண்டு அவற்றை ஓயாமல் பெருகும்படி செய்திருந்தார்கள். உடம்புச் சூட்டில் வைத்த பெட்டிக்குள், இளஞ்சிவப்புத் திரவத்தில் அவை வளர்ந்துகொண்டிருந்தன. உறையவைத்துப் பாதுகாத்த மிச்சம், அதே ஐப்பசி மழையில் பாதை மூடிப்போய்த் திரவ நைதரசன் வந்து சேராததால் கெட்டுப்போயிற்று. பெட்டிக்குள் இருந்தவை மட்டுமே எஞ்சின.

"ரத்தம் இல்லக்கா. அதுலருந்து எடுத்த கலம் இருக்கு."

"அப்படின்னா?"

"அவரோட உடம்புல இருந்த சின்னச் சின்ன உயிர். அது இன்னும் உயிரோட இருக்கு."

வேறு சொல் ஏதும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. ஜீவராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் காட்டுங்க" என்றாள்.

*

ஆய்வுகூடத்தின் தலைவர் ஸனூஸ் பதுளையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டில் பௌதிகம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, இந்தக் கட்டடத்தை அதன் அடித்தளத்துக்காகவே தேர்ந்தெடுத்தவர். இயந்திரங்களைத் தாங்குவதற்காகப் பாறையில் போட்ட தளம், லேசில் அதிராது. அவர் கட்டிய நுண்நோக்கிக்கு அதிர்வு ஆகாது. அப்படியும் கீழே ரயில் போகும்போது படம் கலங்கும். போய் முடியும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர், "உசிரோட வெளிய குடுக்க ஏலாது. வைரஸ் இரிக்கி. ஆனாப் பாக்க வாணாம்னு சொல்றதுக்கு நாம யாரு? காட்டுங்க" என்றார்.

கறுப்புத் திரையால் மூடிய மேசைக்குப் பக்கத்தில் ஜீவராணிக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். கணினித் திரையில் சாம்பல் நிறம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

துஷாந்தினி தன்னால் முடிந்தவரை விளக்கினாள். "இந்தக் கண்ணாடிக்கு மேல அவரோட கலம் ஒண்ணு ஒக்காந்திருக்கு. அது உள்ளுக்குள்ள ஒரு சாமானைச் செஞ்சு வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். எலிக்காய்ச்சல் கிருமியைப் பிடிக்கிற சாமான். புரதம்னு சொல்லுவாங்க. ரொம்ப ரொம்பச் சின்னது. மத்த இடத்துல அதுல சாயம் ஏத்தி, மின்ன வச்சுப் பாப்பாங்க. நாங்க ஒண்ணும் ஏத்துறதில்ல, எந்த அடையாளமும் ஒட்டுறதில்ல. ஒளிய மட்டும் அடிக்கிறோம். அது மேல பட்ட ஒளி துளியூண்டு சிதறும். அந்தத் துளியைக் கமரா பிடிக்கும்."

"தெரியுமா?"

"சும்மா பாத்தாத் தெரியாது. கண்ணாடியில இருக்கிற கீறல், அழுக்கு எல்லாம் அதை மூடிரும். அதனால முன்னாடி எடுத்த படத்தைப் பின்னாடி எடுத்த படத்துலருந்து கழிச்சிருவோம். அங்கேயே இருக்கிறது எல்லாம் மறைஞ்சிரும். புதுசா வந்து ஒட்டுறது மட்டும் தெரியும்."

சொல்லி முடிக்கும்போது சாம்பலுக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. மழைக்கு முதல் துளி சிமெந்துத் தரையில் விழுகிற மாதிரி வந்து, கொஞ்சம் நின்று, மங்கிப்போயிற்று. அப்புறம் இன்னொன்று, வேறோர் இடத்தில். பிறகு அடுத்தடுத்து.

ஜீவராணி முன்னால் குனிந்தாள்.

"இது அவரா?"

"அவரோட கலம் இப்ப வெளிய விட்டது."

"இப்பவா?"

"இப்பதான்."

அவள் திரைக்கு விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள். அடுத்த புள்ளி அந்த விரலுக்கு நேர் கீழே வந்தது. தற்செயல்தான். அந்தப் பரப்பில் எங்கும் விழக்கூடியது அங்கே விழுந்தது. ஆனால் துஷாந்தினியின் கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது.

அன்றைக்கு ஜீவராணி எரிப்பதற்கு எதுவும் கேட்கவில்லை. போகும்போது, "திரும்ப வரலாமா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

*

வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். ஹல்துமுல்லையிலிருந்து பஸ் ஏறி, பெரகலைச் சந்தியில் மாறி, மூட்டத்துக்குள் நடந்து வருவாள். கதிரையில் உட்கார்ந்துகொண்டு திரையைப் பார்த்துப் பேசுவாள். இப்போது மேற்பிரிவில் நிஷாந்தின் அண்ணன் தினேஸ் வீட்டில் இருப்பதைச் சொல்வாள். தினேஸின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தார்கள், தேயிலைக் கொழுந்து எப்படி இருக்கிறது, புதிதாக வந்த கணக்கப்பிள்ளை என்ன கத்தினான், எல்லாம் சொல்வாள். அழமாட்டாள். வீட்டில் இருக்கும் ஆளோடு பேசுவது போலத்தான் பேசுவாள். இடையிடையே பதிலுக்குக் காத்திருப்பது போல நிறுத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துஷாந்தினி மட்டுமே வேலைக்கு வருவாள். கலங்களுக்குத் திரவம் மாற்ற யாராவது வந்தாக வேண்டும். முதலில் அந்தப் பேச்சு அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்யப் பழகினாள். பிறகு, ஜீவராணி பேசும்போது புள்ளிகள் அடர்த்தியாக வருவதாகவும் நிறுத்தினால் குறைவதாகவும் தோன்றத் தொடங்கியது. பதிவு இருந்தது. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் எண்ணவில்லை.

வாடகை அறைக்குத் திரும்பும் வழியில், மூட்டம் பாதையை மூடும்போது, அந்தச் சாம்பலுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி வருமா என்று கண் தானாகத் தேடியது. எதிரே வரும் ஆள் முதலில் புள்ளியாகத்தான் தெரிவான். கிட்டே வந்து முகம் தெரியும்வரை அவள் கண்ணை எடுக்கமாட்டாள். தேயிலைக்கூடையைச் சுமந்து வரும் பெண்ணோ ரயில்வே தொழிலாளியோதான். இருந்தாலும் அவள் ஓரமாக ஒதுங்கி நின்று அவர்கள் போன பிறகே நடந்தாள்.

பங்குனியில் புள்ளிகள் குறைந்தன.

கலங்கள் சாகவில்லை. முன்னைவிட வேகமாகப் பெருகின. ஆனால் அந்தப் புரதத்தைச் செய்வதை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தன. நீண்ட நாள் வளர்க்கும்போது இப்படி நடப்பதுண்டு. செய்யாதவை சீக்கிரம் பெருகி, செய்பவற்றைப் பின்தள்ளிவிடும்.

"இதால இனி வேலை இல்ல துஷாந்தினி. ஊத்திடுங்க" என்றார் ஸனூஸ்.

"அந்த அக்கா வருவாங்க சேர்."

"அவங்ககிட்டச் சொல்லுங்களே. உள்ளதச் சொல்றதுக்கு என்ன?"

*

அந்த ஞாயிற்றுக்கிழமை துஷாந்தினி சொல்லத்தான் நினைத்திருந்தாள். ஜீவராணி புதிதாகத் துவைத்த சேலை கட்டி வந்திருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். திரை சாம்பலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை.

ரயில் போயிற்று. படம் கலங்கித் தெளிந்தது. ஒன்றும் வரவில்லை.

"ஏங்க, என்னாங்க" என்றாள் ஜீவராணி, திரையிடம். அப்புறம் திரும்பிப் பார்த்தாள். "மிஸ், நான் போன வாரம் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா? அண்ணன் வீட்ல இருக்கறது அவருக்குப் புடிக்கலயோ?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"இல்ல, கோவம் வந்தா இப்படித்தான். வாயத் தொறக்க மாட்டாரு. நான்தான் போயி எழுப்பணும்."

அவள் கதிரையைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்தாள். துஷாந்தினி எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். குளிர்ப்பெட்டியில், கருவியைச் சரிபார்ப்பதற்காக வாங்கி வைத்த தூய புரதம் ஒரு சிறு குப்பியில் இருந்தது. அதே வகை, அதே எடை, யாருடைய உடம்பிலிருந்தும் வராதது. துளி எடுத்தாள். திரும்பி வந்து, திரவம் பார்ப்பது போலக் குனிந்து, கண்ணாடிக்கு மேலே விட்டாள்.

புள்ளிகள் வந்தன. முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு வந்தன. திரை முழுக்கக் கொட்டின.

ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "இருக்காரு மிஸ். நல்லா இருக்காரு" என்றாள்.

*

மறுநாள் காலை துஷாந்தினி எல்லாவற்றையும் கழுவினாள். பழைய கண்ணாடியை எறிந்துவிட்டுப் புதியதை வைத்தாள். வடித்த தண்ணீரை மட்டும் விட்டாள். கலம் எதுவும் கிடையாது. கருவி சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கான வெறும் ஓட்டம் அது.

ஒரு புள்ளி வந்தது. மங்கிற்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

குழாய்களை மாற்றினாள். வேறு போத்தலிலிருந்து தண்ணீர் எடுத்தாள். வந்துகொண்டே இருந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. புள்ளியின் கறுப்பை வைத்துத்தான் எடை பார்ப்பார்கள். எல்லாம் ஒரே கறுப்பு. அந்தப் புரதத்தின் எடை.

ஸனூஸ் பின்னால் வந்து நின்று பார்த்தார். "நேத்து என்ன போட்டீங்க இதுல?"

"ஒண்ணும் இல்ல சேர்."

"அப்ப தண்ணி அழுக்கு. மாத்துங்க."

மாற்றியாயிற்று என்று அவள் சொல்லவில்லை. திரையின் இயக்கத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து, தொழிற்சாலைச் சுவரோரம் நின்றாள். நேற்று விட்ட துளியின் மிச்சம் எங்காவது ஒரு வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதுதான் நியாயமான காரணம். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். ஆனால் நிஷாந்தின் கலங்கள் பக்கத்து அறையில் இருந்தன. அவற்றின் பேரால் அவள் நேற்று ஒரு பொய்யைக் காட்டியிருந்தாள். அதைத் தெரிந்துகொண்டு யாரோ உள்ளே உட்கார்ந்து, அவள் திரும்பி வரும்வரை பொறுமையாக ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டிருப்பது போலவே மனதுக்குப் பட்டது. உள்ளே போக அவளுக்குக் கால் வரவில்லை.

அந்த வாரம் முடியும் முன்பே தினேஸ் வந்தான். தம்பியைப் போலவே உயரம், அதே அகலமான நெற்றி. வாசலில் அவனைப் பார்த்ததும் துஷாந்தினி ஓரடி பின்வாங்கினாள்.

"மிஸ்தானுங்களா? நான் நிஷாந்தோட அண்ணன். ஒங்களோட ஒண்ணும் சண்ட புடிக்க வரலீங்க." அவன் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினான். "ஜீவராணி வேலைக்குப் போறதில்ல. ஞாயித்துக்கெழம இங்கேருந்து வந்ததுலருந்து சரிஞ்ச எடத்துக்குப் போயிருது. மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போயித் தோண்டுது. அவரு நல்லா இருக்காரு, நான் கண்ணால பாத்தேன், உசுரு இருந்தா ஒடம்பு எங்கயாச்சும் இருக்கணும்ல, அப்படின்னு கேக்குது. மேல மண்ணு இன்னும் ஒக்காரல. மழை வந்தா அதுவும் போயிரும்."

துஷாந்தினி அவனுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வீட்லயும் சரியில்லீங்க. தம்பிக்குன்னு சோறு போட்டு வைக்கிது. எம் பொண்டாட்டி பயப்புடுறா. நானும் மத்தியானத்துல வாசப்பக்கம் யாரோ நிக்கிற மாதிரி... சரி, அத விடுங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னாக் கேக்கும். ஒங்க பேச்சத்தான் நம்புது."

*

இருவரும் பஸ்ஸில் போனார்கள். பெரகலையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது தினேஸ் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். அவளால் குடிக்க முடியவில்லை. தோட்டத்துப் பாதையில் ஏறும்போது வெயில் இருந்தது. சரிவை நெருங்க நெருங்க மூட்டம் கீழேயிருந்து ஏறி வந்தது.

லயம் இருந்த இடத்தில் சிவந்த மண் நாக்கைப் போலத் தொங்கியது. புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கதவின் மேல்பாதி மண்ணிலிருந்து வெளியே நின்றது. எச்சரிக்கைக்குக் கட்டிய நாடா அறுந்து கிடந்தது. மூட்டத்துக்குள் முதலில் சத்தம்தான் கேட்டது, மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம். அப்புறம் கறுப்பாக ஓர் உருவம்.

தினேஸ் மேலே நின்றுகொண்டான். துஷாந்தினி மட்டும் இறங்கினாள். காலடியில் மண் பொதபொதவென்று இருந்தது.

"அக்கா."

ஜீவராணி நிமிர்ந்தாள். முகமெல்லாம் மண். பொட்டு வியர்வையில் வழிந்திருந்தது. "மிஸ், இங்க எதுக்கு வந்தீங்க? வழுக்கும், அந்தக் கல்லு மேல நில்லுங்க."

துஷாந்தினி கல்மேல் ஏறவில்லை. "போன ஞாயித்துக்கெழம வந்த புள்ளி அவரோடது இல்லக்கா. நான் போட்டது. கடையில வாங்குற சாமான். அவரோட கலம் அதைச் செய்யிறத நிறுத்திருச்சு. ஒங்க மொகத்தப் பாக்க முடியாம ஊத்திட்டேன்."

மண்வெட்டி கையிலேயே இருந்தது. ஜீவராணி அதைக் கீழே போடவுமில்லை, உயர்த்தவுமில்லை.

"திரும்பச் சொல்லுங்க."

துஷாந்தினி திரும்பச் சொன்னாள்.

ஜீவராணி கேட்டாள்: "அப்ப அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம்?"

"அது உண்மை. அது அவரோட கலத்துலருந்துதான் வந்திச்சு."

"அத நான் எப்படி நம்புறது?"

"தெரியலக்கா. என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நம்பச் சொல்றது? நாங்க எதுலயும் அடையாளம் ஒட்டுறதில்லன்னு சொன்னேன்ல. எடைதான் தெரியும். இன்னார்கிட்டருந்து வந்ததுன்னு அந்தப் புள்ளியில எழுதியிருக்காது."

ஜீவராணி மண்ணில் உட்கார்ந்தாள். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். சத்தம் இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. துஷாந்தினி பக்கத்தில் போய் உட்கார நினைத்தாள். அதற்குத் தனக்கு உரிமையில்லை என்று பட்டது. அங்கேயே நின்றாள். கடைசியில் தினேஸ்தான் இறங்கி வந்து தம்பி மனைவியைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டான்.

மேலே ஏறிய பிறகு ஜீவராணி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "பெட்டிக்குள்ள இருக்கிறத நான் எடுத்துக்கிட்டுப் போவணும். முடிச்சிரலாம்."

*

துஷாந்தினி ஸனூஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபத்தில் சத்தம் போடுகிறவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த நாளுப் பதிவு எல்லாத்தையும் அழிங்க. நீங்க போட்டது வேற எதுலயும் கலந்திரிக்கான்னு முழுக்கப் பாக்கணும். எனக்கு ஒங்கள நம்பி வேலை செய்ய கொஞ்ச நாள் எடுக்கும் துஷாந்தினி. அத ஒளிக்காமச் சொல்றேன்." பிறகு, "அவங்களுக்கு வேண்டியதச் செஞ்சு குடுங்க. நீராவியில வச்சு எடுத்துட்டா வைரஸ் செத்துடும், குடுக்க ஏலும்" என்றார்.

ஜீவராணியும் தினேஸும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்கள். நீராவிப் பானைக்குள் வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஜீவராணி கேட்டாள். கலம் ஒன்றைக் கண்ணாடியில் உட்காரவைத்தார்கள். இந்தத் தடவை துஷாந்தினி ஒவ்வொன்றையும் அவள் கண்முன்னால், சொல்லிச் சொல்லிச் செய்தாள். இது கண்ணாடி, புதுசு. இது அவரோட கலம். இது வெறும் தண்ணி, இதை விட்டா அது ஊதி வெடிச்சிரும்.

"வலிக்குமா?" என்று தினேஸ் கேட்டான்.

"வலி தெரியிறதுக்கு அதுல ஒண்ணும் இல்லண்ணே."

திரை சாம்பலாக இருந்தது. துஷாந்தினி தண்ணீரை விட்டாள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. கீழே ரயில் வருகிற ஓசை கேட்டது. அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள், இப்போது வேண்டாம் என்று. ரயில் வந்து, படம் கலங்கி, கடந்துபோய், திரை தெளிந்தது.

அப்போது அது வெடித்தது. உள்ளே இருந்தது எல்லாம் வெளியே வந்தது. பெரியதும் சின்னதும், கறுப்பும் வெளிறலுமாகப் புள்ளிகள் திரையின் ஒரு மூலையிலிருந்து பரவி எல்லா இடத்தையும் நிறைத்தன. நெருக்கியடித்து வந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. ஒரு கலத்துக்குள் இவ்வளவு இருக்கும் என்று துஷாந்தினிக்குப் படித்துத் தெரியும். பார்த்தபோது பயமாக இருந்தது. வெகுகாலம் அடைத்து வைத்த வீட்டைத் திறந்ததும் உள்ளே இருந்தவர்கள் முட்டி மோதி வெளியேறுவது போல இருந்தது.

ஜீவராணி எழுந்து நின்றுவிட்டாள். "இதுல அவரு இருக்காரா? அந்தப் பழைய சாமான், காய்ச்சலப் பிடிக்கிறது, அது இருக்கா?"

நடுவில் சில புள்ளிகள் அந்தக் கறுப்பில் இருந்தன. அந்த எடையில் இருந்தன. வெளியே விடாமல் உள்ளேயே வைத்திருந்ததாக இருக்கலாம். அதே எடையுள்ள வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"சொல்ல முடியலக்கா" என்றாள் துஷாந்தினி.

ஜீவராணி தலையாட்டினாள். புள்ளிகள் குறைந்து, ஒன்றிரண்டாகி, நின்றுபோகும்வரை நின்றபடியே பார்த்தாள். எல்லாம் பின்னணியோடு பின்னணியாகி மறைந்தது. சாம்பல் மட்டும் மிஞ்சியது. அவள் திரைக்கு எதுவும் சொல்லவில்லை.

மீதிக் கலங்களை நீராவியில் வைத்து எடுத்து, ஆறவிட்டு, மூடி இறுக்கிய சிறு போத்தலில் துஷாந்தினி கொடுத்தாள். இளஞ்சிவப்பு நிறம் வெளிறி மஞ்சளாகியிருந்தது. அடியில் கொஞ்சம் வண்டல். ஜீவராணி அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கருமாதிக்கு நீங்களும் வாங்க என்று தினேஸ் கூப்பிட்டிருந்தான். ஜீவராணி கூப்பிடவில்லை. துஷாந்தினி போனாள். தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றங்கரையில் புல்லால் கட்டிய உருவத்தின் நெஞ்சுப் பக்கத்தில் அந்தப் போத்தலைத் திறந்து ஊற்றினார்கள். ஈரத்தில் தீ பிடிக்க நேரம் எடுத்தது. புகை தண்ணீரின் மேலேயே படுத்துக்கிடந்தது. பிடித்த பிறகு சீக்கிரம் முடிந்துவிட்டது. தினேஸ் சாம்பலை ஆற்றில் விட்டான். பெண்கள் ஜீவராணியைத் தண்ணீருக்குக் கூட்டிப்போய்ப் பொட்டை அழித்தபோது துஷாந்தினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

எல்லோரும் மேலே ஏறத் தொடங்கியபோது ஜீவராணி அவள் பக்கத்தில் வந்தாள். வெறும் நெற்றியோடு இன்னும் இளையவளாகத் தெரிந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்றைக்கு அவள் துஷாந்தினியிடம் பேசியது அதுவே முதல்.

"எல்லாம் முடிஞ்சிருச்சுதானே மிஸ்? அங்க ஒண்ணும் மிச்சம் இல்லயே?"

துஷாந்தினிக்கு அந்த வெறும் தண்ணீரும், அதில் அவசரமில்லாமல் வந்து ஒட்டியவையும் கண்முன் வந்தன. குழாய்களையெல்லாம் எறிந்துவிட்டார்கள். பெட்டியைத் துடைத்து வேறு ஒருவரின் கலங்களை வைத்துவிட்டார்கள். எல்லாம் மாற்றிய பிறகு ஓடவிட்ட வெறும் ஓட்டத்தை மட்டும் அவள் முழுக்கப் பார்க்கவில்லை. ஸனூஸைப் பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தாள். சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்னார்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லக்கா" என்றாள்.

ஜீவராணி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு, "சரி. ஏறுங்க, சாப்புட்டுட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.